ஃபாலோயர் கூட்டத்துக்கு வியாபாரத்தில் என்ன மதிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கத்தை இத்தனை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டதுமே, அதற்குப் பின்னால் பெரிய பணம் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சில நேரம் இருக்கிறது, பல நேரம் இல்லை. வியாபாரம் நடத்துபவர்களும், ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

ஒரு ஃபாலோயரின் மதிப்பு எவ்வளவு?

இதற்கு விலை போட்டு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் செல்போன் பற்றி எழுதும் ஃபோன்டாக் என்ற இணையதளம், வேலையை விட்டுப் போன தன் எழுத்தாளர் ஒருவர் மீது 2011-இல் வழக்குப் போட்டது. வேலையில் இருந்தபோது நடத்திய ட்விட்டர் கணக்கை, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அவர் தன்னோடு எடுத்துப் போய்விட்டார். அதில் சுமார் 17,000 ஃபாலோயர்கள். தலைக்கு மாதம் 2.50 டாலர், எட்டு மாதம் என்று கணக்குப் போட்டு 3,40,000 டாலர் கேட்டது நிறுவனம். 2012 டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாகப் போனார்கள், கணக்கு எழுத்தாளரிடமே தங்கிவிட்டது. அந்த 2.50 டாலர் சரியா தவறா என்று எந்த நீதிபதியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படிச் சொல்லவும் முடியாது. பல் மருத்துவர்களுக்கு இயந்திரம் விற்கும் நிறுவனத்தைப் பின்தொடரும் 800 பல் மருத்துவர்களும், நகைச்சுவைத் துணுக்குப் பக்கத்தைப் பின்தொடரும் எட்டு லட்சம் பேரும் ஒரே தராசில் நிற்க மாட்டார்கள். யார் அவர்கள், உங்கள் பதிவு அவர்கள் கண்ணில் படுகிறதா, பட்டால் ஏதாவது செய்கிறார்களா, அவர்களுக்கு விற்க உங்களிடம் என்ன இருக்கிறது, இந்த நான்கும் தெரியாமல் தலைக்கு இவ்வளவு என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார்.

ஃபாலோயர் கூடினால் விற்பனையும் கூடும்தானே?

இங்கேதான் காரணமும் விளைவும் இடம் மாறிப் போகின்றன. ஒரு பிராண்டைப் பின்தொடர்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்பது பல நிறுவனங்களின் சொந்தக் கணக்கிலேயே தெரியும். ஆனால் பின்தொடர்ந்ததால் வாங்கினார்களா, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்ததால் பின்தொடர்ந்தார்களா?

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் லெஸ்லி ஜான் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். 23 சோதனைகள், 18,000-க்கும் மேற்பட்டவர்கள். ஃபேஸ்புக்கில் ஒரு பிராண்டின் பக்கத்துக்கு லைக் போட வைப்பதால் மட்டும் ஒருவர் வாங்கும் பழக்கம் மாறவில்லை. நண்பர் லைக் போட்டதைப் பார்த்தவர்களும் அசையவில்லை. லைக் போட்டவர்கள் முன்பே அந்தப் பொருளை விரும்பியவர்கள், அவ்வளவுதான்.

அதே ஆய்வின் இன்னொரு பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டிஸ்கவரி நிறுவனம் நடத்தும் வைட்டாலிட்டி என்ற உடல்நலத் திட்டத்தோடு சேர்ந்து ஒரு சோதனை நடந்தது. லைக் போட்டவர்கள் கண்ணில் பதிவுகள் கட்டாயம் படும்படி, ஃபேஸ்புக்குக்குப் பணம் கட்டி வாரம் இரண்டு பதிவுகள் காட்டினார்கள். அவர்கள் உடற்பயிற்சி போன்றவற்றுக்காகச் சேர்த்த புள்ளிகள் மற்றவர்களைவிட 8 சதவீதம் கூடின. அதாவது கூட்டம் தானாக எதுவும் செய்யாது. அதனிடம் போய்ச் சேர வேண்டும், சேருவதற்குச் செலவு உண்டு.

ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். சில ஆயிரம் பேர்தான் பதிவைப் பார்க்கிறார்கள். ஏதோ தடை போட்டிருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. இதுதான் இயல்பான நிலை.

ஃபேஸ்புக் பக்கங்களைப் பொறுத்தவரை சரிவு தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டு பக்கங்களை ஆராய்ந்தபோது, காசு கட்டாமல் கிடைக்கும் ரீச், அதாவது பின்தொடர்பவர்களில் பதிவு கண்ணில் படுபவர்களின் பங்கு, 2014 பிப்ரவரியில் 6 சதவீதத்துக்கு வந்திருந்தது. நான்கு மாதம் முன்பு அது ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் லைக் வாங்கிய பெரிய பக்கங்களுக்கோ வெறும் 2 சதவீதம். 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்த பிறகு பக்கங்கள் இன்னும் கீழே போயின. இன்ஸ்டாகிராம் 2016-இல் நேர வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்று கணித்து முடிவு செய்யும் அல்காரிதத்துக்கு மாறியபோது சொன்ன காரணம், மக்கள் தங்கள் ஃபீடில் சராசரியாக 70 சதவீதத்தைப் பார்க்காமலே விடுகிறார்கள் என்பது.

டிக்டாக் வந்தபின் விஷயமே வேறு பாதைக்குப் போய்விட்டது. அதன் முதன்மை ஃபீட் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதைவிட எதைக் கடைசிவரை பார்க்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்கிறது. இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், யூடியூபின் ஷார்ட்ஸ் என்ற குறு வீடியோக்களும் அதே வழியில். ஆகவே பத்துப் பேர் பின்தொடரும் கணக்கின் வீடியோ லட்சக்கணக்கில் ஓடுவதும், பத்து லட்சம் பேர் பின்தொடரும் கணக்கின் வீடியோ சில ஆயிரத்தில் நின்றுபோவதும் இப்போது ஒரே நாளில் நடக்கும். ஃபாலோயர் எண் என்பது நீங்கள் கடந்த காலத்தில் எத்தனை பேரைக் கவர்ந்தீர்கள் என்பதன் பதிவு. நாளைக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அந்த லட்சம் பேர் விற்பனையாக மாறும்போது எத்தனை ஆவார்கள்?

ஒரு கற்பனைக் கணக்கு. 1,00,000 ஃபாலோயர்கள். 5 சதவீதம் பேர் பார்த்தால் 5,000. அவர்களில் 2 சதவீதம் லிங்கைத் தொட்டால் 100. அந்த நூறில் 3 சதவீதம் வாங்கினால் மூன்று பேர். மூன்று! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்காகவே சொன்னதுபோல இருக்கும்.

இந்தச் சதவீதங்கள் உங்கள் பக்கத்துக்கு வேறாக இருக்கும், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் எண்ணை, அதாவது ஃபாலோயரை, இரண்டு மடங்காக்க வருடக்கணக்கில் ஆகலாம். லிங்கைத் தொட்டு வந்தவர்களில் வாங்குபவர்களின் விகிதத்தை இரண்டு மடங்காக்க, தெளிவான படமும் விலையும் சிரமமில்லாத கட்டண வசதியும் போதுமானதாக இருக்கலாம். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான், மூன்று ஆறாகும். ஆனாலும் எல்லோரும் முதல் எண்ணின் பின்னால்தான் ஓடுகிறார்கள், அதுதான் பக்கத்தின் மேலே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது.

அப்படியானால் பெரிய கூட்டத்தால் பயனே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. பயன் இருக்கிறது, நாம் தேடும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை.

முதலாவது, நம்பிக்கை. உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர் முதலில் செய்வது பெயரைத் தேடிப் பார்ப்பது. பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால், கேட்ட கேள்விக்குப் பதில் போயிருந்தால், வாங்கலாம் என்ற தைரியம் வருகிறது. மொத்த வியாபாரிகள், விநியோகஸ்தர்கள், முதலீட்டாளர்கள், வேலைக்கு வர நினைப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். இதை ரூபாயாகவோ டாலராகவோ மாற்றிச் சொல்ல எந்த மென்பொருளாலும் முடியாது, ஆனால் பேரம் பேச உட்காரும்போது உணர முடியும்.

இரண்டாவது, விளம்பரச் செலவு குறைவது. உங்கள் பக்கத்தோடு கடந்த ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு விதத்தில் ஈடுபட்டவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்ட ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத் தளத்தில் வழி உண்டு. அவர்களைப் போன்ற மற்றவர்களைத் தேடித் தரச் சொல்லவும் முடியும். முன்பின் தெரியாதவருக்கு விற்பதைவிட முகம் தெரிந்தவருக்கு விற்பது மலிவு. நிறைய நிறுவனங்களுக்குக் கூட்டத்தின் நேரடிப் பணப் பயன் இதுதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, புதுப் பொருளை இறக்கும் நாள். இதுதான் கதைகளில் வருவது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் 2015 நவம்பரில் உதட்டுச் சாயத் தொகுப்போடு தொடங்கிய வியாபாரத்தின் முதன்மை விளம்பரப் பலகை அவருடைய சொந்தச் சமூக ஊடகக் கணக்குகள்தான். 2019 நவம்பரில் அதில் 51 சதவீதத்தை 60 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கோட்டி என்ற அழகுப்பொருள் நிறுவனம் அறிவித்தது. கோட்டி வாங்கியது ஃபாலோயர்களை அல்ல என்பதைக் கவனியுங்கள். பொருள், பிராண்டு, விற்பனை, திரும்ப வந்து வாங்கும் வாடிக்கையாளர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு நிறுவனத்தை வாங்கியது.

மிஸ்டர்பீஸ்ட் என்ற ஜிம்மி டொனால்ட்சன் இன்னும் நல்ல உதாரணம். யூடியூபில் உலகிலேயே பெரிய சேனல் அவருடையது. 2024 கணக்குப்படி, அவருடைய ஃபீஸ்டபிள்ஸ் சாக்லேட் வியாபாரம் சுமார் 25 கோடி டாலர் விற்று 2 கோடிக்கு மேல் லாபம் பார்த்ததாகவும், வீடியோ பக்கம் சுமார் 8 கோடி டாலர் நஷ்டம் என்றும் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. உலகின் மிகப்பெரிய கூட்டத்தை வைத்திருப்பவருக்கே பணம் கூட்டத்திலிருந்து வரவில்லை, கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்த பொருளிலிருந்து வந்தது.

லட்சக்கணக்கில் ஃபாலோயர் இருந்தும் பொருள் விற்காமல் போவது ஏன்?

2019-இல் இணையமெங்கும் பேசப்பட்ட ஒரு சம்பவம். 26 லட்சம் பேர் இன்ஸ்டாகிராமில் பின்தொடர்ந்த ஓர் இளம் பெண் சொந்தமாக டி-ஷர்ட் பிராண்டு தொடங்கினார். தயாரிப்பாளர் கேட்ட குறைந்தபட்ச ஆர்டர் 36. அதுகூட விற்கவில்லை என்று அவரே எழுதினார். கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கு அதில் கேலி செய்ய எதுவும் தெரியவில்லை. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் படங்களுக்காக வந்தவர்கள், துணி வாங்குவதாக அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கூட்டம் எதற்காகச் சேர்ந்ததோ அதற்கும் நீங்கள் விற்பதற்கும் ஒட்டு இருக்க வேண்டும். சரும நோய்களைப் பற்றி ஐந்து வருடம் பொறுமையாக விளக்கியவர் ஒரு களிம்பைச் சொன்னால் நான்கு பேர் கேட்பார்கள். குறும்பு வீடியோ போடுபவர் அதே களிம்பைச் சொன்னால் அதுவும் ஒரு குறும்பு என்று நினைத்துவிடுவார்கள். பரிசுப் போட்டி வைத்துச் சேர்த்த கூட்டம் எல்லாவற்றையும்விட மோசம். பரிசுக்கு வந்தவர்கள் அடுத்த பரிசுக்காகக் காத்திருப்பார்கள், அது வரும்வரை உங்கள் பதிவுகளை ஒதுக்கித் தள்ளுவார்கள். அவர்கள் தள்ளத் தள்ள, இந்தப் பதிவில் யாருக்கும் ஆர்வமில்லை என்று அல்காரிதம் முடிவுகட்டி, உண்மையான வாடிக்கையாளர்களுக்கும் காட்டாமல் விடும்.

அப்படியானால் சின்னக் கூட்டம்தான் நல்லதா?

இப்படிச் சொல்வது இப்போது ஒரு மோஸ்தர். பாதிதான் உண்மை.

நார்வேயில் பர்கர் கிங் 2013-இல் துணிந்து ஒரு காரியம் செய்தது. தன் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்த சுமார் 38,000 பேரிடம், நீங்கள் உண்மையான ரசிகரா, இல்லை போட்டி நிறுவனத்தின் பர்கர் ஒன்றை இலவசமாக வாங்கிக்கொண்டு நிரந்தரமாகப் போய்விடுகிறீர்களா என்று கேட்டது. உண்மையான ரசிகர்களுக்கென்று தொடங்கிய புதுப் பக்கத்துக்கு வந்தவர்கள் 8,481 பேர். பக்கத்தில் நடக்கும் உரையாடல் ஐந்து மடங்கானது என்று நிறுவனம் சொன்னது.

அழகான கதைதான். ஆனால் உலகம் முழுக்கக் கிளைகளும் தொலைக்காட்சி விளம்பரங்களும் உள்ள நிறுவனம் 30,000 பேரை உதறலாம். எல்லோரும் வாங்கக்கூடிய, விலை குறைந்த, லாபம் மெல்லிய பொருளை விற்பவருக்கு எண்ணிக்கை வேண்டும். வருடத்துக்குப் பத்து வாடிக்கையாளர் கிடைத்தாலே போதும் என்கிற ஆலோசகருக்கு 500 பேர் தாராளம். எவ்வளவு கூட்டம் வேண்டும் என்பதைப் பொருளின் விலையும் லாபமும் முடிவு செய்கின்றன.

தொடக்கத்தில் கொஞ்சம் ஃபாலோயர்களைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் என்ன?

வேண்டாம். ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்கே உதைக்கிறது. வாங்கிய கணக்குகள் எதையும் பார்க்காது, தொடாது. மேலே சொன்ன அதே காரணத்தால் உங்கள் ரீச் விழும்.

அவை நிலைக்கவும் செய்யாது. இன்ஸ்டாகிராம் 2014 டிசம்பரில் போலிக் கணக்குகளைத் துடைத்து நீக்கியபோது பாடகர் ஜஸ்டின் பீபரின் கணக்கில் மட்டும் சுமார் 35 லட்சம் காணாமல் போனது. இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கு ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல் இழந்தது. ட்விட்டர் 2018 ஜூலையில் இதையே செய்தது, அதன் அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து 70 லட்சத்துக்கும் மேல் குறைந்தது.

சட்டமும் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது. போலி ஃபாலோயர் விற்ற டெவுமி என்ற நிறுவனத்தின் கதையை நியூயார்க் டைம்ஸ் 2018 ஜனவரியில் வெளிக்கொண்டுவந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி தொடுத்த வழக்கு 2019-இல் 25 லட்சம் டாலர் தீர்ப்போடு முடிந்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த எஃப்டிசி விதி, வியாபாரச் செல்வாக்கைப் பெருக்கிக் காட்டப் போலி ஃபாலோயர்களைத் தெரிந்தே வாங்குவதையும் தடை செய்கிறது. விற்பவர் மட்டும் மாட்டிய காலம் போய்விட்டது.

கூட்டத்தை வைத்துப் பணம் வரும் வழிகள் என்னென்ன?

தளமே தரும் பங்கு ஒன்று. யூடியூபில் 1,000 சப்ஸ்கிரைபர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்கலாம். நீள வீடியோ விளம்பரங்களில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸ் என்றால் 45 சதவீதம். பணம் பார்வைக்குத்தான், சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைக்கு அல்ல.

பிராண்டுகளிடம் வாங்கும் ஸ்பான்சர் பணம் இரண்டாவது. மாதத்துக்கு மாதம் ஏறும், இறங்கும். விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்லித்தான் போட வேண்டும், பல நாடுகளில் இது சட்டமாகவோ விளம்பரத் துறையின் விதியாகவோ இருக்கிறது. அப்புறம் லிங்க் வழியாக விற்றால் வரும் கமிஷன், மாதச் சந்தா, வகுப்புகள், சொந்தப் பொருள். இந்த வரிசையில் கீழே போகப் போக உழைப்பும் முதலீடும் கூடும், மற்றவர் தயவு குறையும். சொந்தப் பொருளில் திரும்பி வரும் சரக்கு, கெட்டுப்போன சரக்கு, கோபமான வாடிக்கையாளர் எல்லாம் உங்கள் தலையில்தான். வீடியோ எடுப்பதில் கெட்டிக்காரராக இருப்பவர் இதிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஸ்பான்சர் செய்யும் பிராண்டுகள் எதைப் பார்க்கின்றன?

அனுபவமுள்ளவர்கள் கடைசிப் பத்து இருபது பதிவுகளின் பார்வையைப் பார்ப்பார்கள். பார்வையாளர் எந்த நாடு, எந்த வயது என்று உள்கணக்கின் ஸ்கிரீன்ஷாட் கேட்பார்கள். கமெண்டுகளில் மனிதர்கள் பேசுகிறார்களா, வெறும் எமோஜி மட்டும்தானா என்று படிப்பார்கள். அனுபவமில்லாதவர்கள் ஃபாலோயர் எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பார்கள், ஒரு முறை.

ஒரே தளத்தில் கூட்டத்தை வைத்திருப்பது ஆபத்தா?

ஆம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

வைன் என்ற ஆறு நொடி வீடியோ தளத்தில் பல லட்சம் பேரைச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2016 அக்டோபரில் மூடப்போவதாக அறிவிப்பு, 2017 ஜனவரியில் கதை முடிந்தது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு அரசு தடை விதித்தபோது, டிக்டாக்கில் மட்டும் இருந்தவர்களுக்கு மறுநாள் கூட்டமே இல்லை. அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

தளம் மூடக்கூட வேண்டாம், ஒரு விதி மாறினால் போதும். லிட்டில்திங்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஃபேஸ்புக்கை நம்பி வளர்ந்தது, அங்கே அதற்கு ஒரு கோடிக்கும் மேல் ஃபாலோயர்கள். முன்பு சொன்ன 2018 ஜனவரி மாற்றத்துக்குப் பிறகு, காசு கட்டாமல் வந்துகொண்டிருந்த வாசகர் வரத்தில் முக்கால் பங்கு போய்விட்டதாக அதன் தலைவர் சொன்னார். பிப்ரவரி முடிவதற்குள் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கடைசி நாளிலும் அந்தக் கோடிப் பேர் எண்ணிக்கையில் இருந்தார்கள்!

இதெல்லாம் வேண்டாம், 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒன்றாக முடங்கின. மூன்று கணக்கு வைத்திருந்தும் மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது.

அப்படியானால் கையில் என்ன இருக்க வேண்டும்?

வாடிக்கையாளர் அவராக விரும்பித் தந்த மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், வாங்கியவர்களின் பட்டியல், உங்கள் சொந்த இணையதளம். மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாகத் தரவிறக்கி வேறு சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபாலோயர்களை அப்படி எடுத்துப் போக முடியாது, அவர்களின் முகவரியைத் தளங்கள் உங்களுக்குத் தருவதில்லை.

பெரிய கூட்டத்தின் சிறந்த பயன், அதில் ஒரு பகுதியை இந்தப் பட்டியலுக்குக் கொண்டுவருவதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு ஏதாவது தர வேண்டும். செய்திமடலில் சேருங்கள் என்று மட்டும் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். விலைப் பட்டியல், அளவு பார்க்கும் அட்டவணை, முன்பதிவு, பழுது பார்க்கும் வழிகாட்டி என்று அவர்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஒன்றைக் கொடுத்தால் முகவரி தருவார்கள். அனுமதி இல்லாமல் எண்களைத் திரட்டிச் செய்தி அனுப்பாதீர்கள். பல நாடுகளில் குற்றம், எல்லா நாடுகளிலும் எரிச்சல்.

கணக்கு யாருக்குச் சொந்தம்? நிறுவனத்துக்கா, நடத்தும் ஊழியருக்கா?

முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் வழக்கறிஞர்களுக்கு!

நீதிமன்றங்கள் சொன்னவை ஒரே திசையில் இல்லை. அமெரிக்காவின் டெக்சஸில் திவாலான துப்பாக்கிக் கடை ஒன்றின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் வியாபாரத்தின் சொத்துதான் என்று 2015-இல் திவால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கை ஒப்படைக்க மறுத்த முன்னாள் உரிமையாளர் சிறைக்கும் போனார். அதற்கு முந்தைய வருடம் ஃபுளோரிடாவில் வேறு மாதிரி. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ரசிகர் பக்கம் தொடங்கி, 60 லட்சத்துக்கும் மேல் லைக் சேர்த்த பெண் ஒருவர், அந்த லைக்குகள் தன் சொத்து என்று, தொடரை ஒளிபரப்பிய பிஇடி தொலைக்காட்சி மீது வழக்குப் போட்டார். லைக் யாருக்காவது சொந்தம் என்றால் அதைப் போட்டவருக்குத்தான், அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்றது நீதிமன்றம்.

ஒன்று கணக்கைப் பற்றியது, மற்றது லைக்கைப் பற்றியது. சாவி சொத்தாக இருக்கலாம், உள்ளே இருக்கும் மனிதர்கள் சொத்தாக மாட்டார்கள். நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. நிறுவனத்தின் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்குங்கள், குறைந்தது இரண்டு பேருக்கு நிர்வாகி உரிமை கொடுங்கள், வேலை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேருங்கள். ஊழியரின் சொந்தப் பெயரில் வளரும் கணக்கு என்றால் அவர் போகும்போது அதுவும் போகும் என்று இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

ஃபாலோயர்களைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டலாமா?

நீங்களே வளர்த்தது என்றால் முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 38, நிறுவனத்துக்குள்ளேயே உருவான பிராண்டு, வாடிக்கையாளர் பட்டியல், அவை போன்ற மற்றவற்றைச் சொத்தாகப் பதிவு செய்யக்கூடாது என்கிறது. அவற்றுக்கான செலவை, வியாபாரத்தை வளர்க்க ஆகும் பொதுச் செலவிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது என்பது காரணம். ஆனால் உங்கள் வியாபாரத்தை இன்னொருவர் வாங்கும்போது, பிராண்டுக்கும் வாடிக்கையாளர் உறவுக்கும் அவர் கொடுத்த விலை அவருடைய புத்தகத்தில் ஏறும். அப்போதும் வாங்குபவர் கேட்பது, இந்தக் கூட்டத்திலிருந்து போன வருடம் எவ்வளவு விற்றது என்பதைத்தான். அதற்கு ஆதாரம் வைத்திருந்தால் விலை ஏறும். விற்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, விற்பனை எங்கிருந்து வந்தது என்று பதிந்து வையுங்கள்.

கணக்கை மட்டும் தனியாக விற்கலாமா?

இன்ஸ்டாகிராம் உட்படப் பல தளங்களின் விதிகள் இதைத் தடுக்கின்றன. விற்பவர்கள் இருக்கிறார்கள், வாங்கிய மறுவாரம் கணக்கு முடக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பேசும் குரல் மாறியதும் கூட்டம் கலையத் தொடங்கும் என்பது தனிக் கதை.

மாதாமாதம் எதை அளந்து பார்ப்பது?

பெரிய டேஷ்போர்டு எதுவும் வேண்டாம். பதிவைச் சேமித்தவர்கள், மற்றவருக்கு அனுப்பியவர்கள், நேரில் செய்தி அனுப்பி விலை கேட்டவர்கள், இணையதளத்துக்கு வந்தவர்கள், வாங்கியவர்கள். லைக்கைவிடச் சேமிப்பதும் அனுப்புவதும் கனமானவை, அதற்குக் கொஞ்சமாவது எண்ணம் வேண்டும்.

எல்லாம் அளவில் அகப்படாது. ஒருவர் வீடியோ பார்த்து, மறந்து, இரண்டு மாதம் கழித்துத் தேடுபொறியில் பெயரை அடித்து வாங்குவார். அறிக்கை அதைத் தேடுபொறியின் கணக்கில் எழுதும். இதைப் பிடிக்கப் பழைய வழி ஒன்றுதான் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. வாங்கும்போது, எங்களை எப்படித் தெரியும் என்று கேட்பது.

ஒரு நேரடிச் சோதனையும் உண்டு. இரண்டு வாரம் எதுவும் பதிவிடாமல் இருந்து பாருங்கள். விற்பனை அசையவே இல்லை என்றால், பதிவுக்குச் செலவிட்ட நேரத்தை வேறெங்கே போடலாம் என்று யோசிக்கலாம். பருவ வியாபாரத்தில் இருப்பவர்கள் சீசன் நடுவில் இதைச் செய்ய வேண்டாம்.

சமூக ஊடகமே வேண்டாம் என்று விட்டுவிட்டால் வியாபாரம் பிழைக்குமா?

பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் வெதர்ஸ்பூன் மதுக்கூட நிறுவனம் 2018 ஏப்ரலில் எல்லாக் கணக்குகளையும் மூடியது, மதுக்கூடங்கள் தொடர்ந்து நடக்கின்றன. லஷ் என்ற அழகுப்பொருள் நிறுவனம் 2021 நவம்பரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் நான்கிலிருந்தும் விலகியது. இதனால் ஒரு கோடி பவுண்டு விற்பனை போகலாம் என்று அவர்களே கணக்குப் போட்டு, தெரிந்தேதான் வெளியேறினார்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் மக்கள் நடமாடும் தெருக்களில் நூற்றுக்கணக்கில் கடைகள் உண்டு, பெயரும் ஊரறிந்தது. இணையத்தில் மட்டும் விற்பவர் இதைப் பார்த்து உற்சாகமாகிவிடக் கூடாது.

விடுவதாக முடிவு செய்தாலும் கணக்கை அழிக்காதீர்கள். அழித்தால் உங்கள் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டு உங்கள் வாடிக்கையாளர்களிடம் பேசத் தொடங்கலாம். இணையதள முகவரியும் தொடர்பு எண்ணும் தெரியும்படி ஒரு பதிவை மேலே நிறுத்தி, கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.